ஒரு பெயரும் ஆயிரம் கைகளும்: வால்ட் டிஸ்னியின் ஜீவிய சரித்திரம்

ராஜீய விவகாரங்களையே பெரும்பாலும் ஆராய்ந்துவரும் இப்பக்கத்தில் சித்திரப் படங்களைப் பற்றி நாம் எழுத முற்படுவது நேயர்களில் சிலருக்கு வியப்பை உண்டாக்கலாம். எலியும் வாத்தும் பேசும் படங்கள் சிறு பிள்ளைகளின் பொழுதுபோக்கென்றும், தேசத் தொண்டில் ஈடுபட்டோர் கவனிக்கத்தக்க பொருளல்லவென்றும் அவர்கள் கருதக்கூடும். ஆயினும், அப்படங்களைச் செய்வித்த வால்ட் டிஸ்னியின் சரித்திரத்தைச் சற்றே ஊன்றிப் படிப்போர், நமக்கெல்லாம் நன்கு பழக்கமான ஒரு கேள்வி அதிலே அடங்கியிருப்பதைக் காண்பர். பலர் கூடி உழைத்து முடித்த காரியம் ஒருவர் பெயரால் மாத்திரம் வழங்கிவருவது நியாயமா என்பதே அக்கேள்வி.

டிஸ்னி காலமாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவருடைய முதல் நெடும்படமான ஸ்நோ ஒயிட் 1937-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. இத்தனை காலம் சென்ற பிறகும், அப்படம் எவ்வாறு செய்யப்பட்டது என்று அறிந்துகொள்ள வேண்டுமென்ற ஆவல் ஜனங்களிடம் சிறிதும் குன்றவில்லை. செப்பிடு வித்தைக்காரனுடைய இரகசியம் வெளிப்பட்டால் வித்தையின் சுவை போய்விடும். சித்திரப் படத்தின் விஷயமோ இதற்கு நேர்மாறானது. செய்யும் முறையை அறிய அறிய, பார்ப்போரின் வியப்பு அதிகரிக்கிறது. படம் ஓடும்போது அதனை நிறுத்தி ஒவ்வொரு சித்திரமாக உற்றுப் பார்ப்போரும், அக்காலத்துப் பென்ஸில் கோட்டுச் சித்திரங்களையும் வர்ணம் தீட்டிய ஸெல்லுலாய்ட் தகடுகளையும் பெரும் பொருள் கொடுத்து வாங்கிப் பாதுகாப்போரும் பல தேசங்களில் இருக்கின்றனர். இவ்வபிமானிகளின் ஆவல் வீண் ஆவல் அன்று என்பதும், சரித்திரம் செய்யத் தவறிய ஒரு நீதியை அது செய்து முடித்தது என்பதும் நமது அபிப்பிராயம்.

இளமையும் வறுமையும்

வால்ட் டிஸ்னி 1901-ஆம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் இலையஸ் டிஸ்னி, எடுத்த தொழில்களில் நிலைபெறாமல் ஊர் ஊராகக் குடிபெயர்ந்தவர். 1906-இல் குடும்பம் மிஸௌரி மாகாணத்தில் மார்ஸெலீன் என்னும் சிற்றூரையடுத்த பண்ணையொன்றில் குடியேறியது. ஆடு மாடுகளுக்கும் பறவைகளுக்கும் நடுவே அங்கே கழிந்த சில வருஷங்களை டிஸ்னி ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

பண்ணை கைவிட்டுப் போனபின் 1911-இல் அவர்கள் கான்ஸஸ் நகரம் சென்றனர். தந்தையார் பத்திரிகை விநியோகிக்கும் உரிமையொன்றைப் பெற்றார். பத்து வயது நிரம்பாத வால்ட்டும் அவருடைய தமையனார் ராயும் விடியுமுன் எழுந்து, பனியென்றும் மழையென்றும் பாராமல் வீடு வீடாகப் பத்திரிகை போட்டு வந்தனர். அவ்வேலைக்குத் தந்தையார் வால்ட்டுக்குக் கூலி கொடுக்கவில்லை. இத்தந்தையார் அமெரிக்காவின் சமதர்மத் தலைவரான யூஜின் டெப்ஸை ஆதரித்தவர் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் மகா யுத்தத்தின் இறுதியில், வயதைக் கூட்டிச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, டிஸ்னி பிரான்ஸ் தேசத்தில் சிறிது காலம் வண்டியோட்டினார். 1919-இல் கான்ஸஸ் நகரம் திரும்பி, விளம்பரச் சித்திரம் வரையும் நிலையமொன்றில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே தம் வயதையே உடைய அப் ஐவர்க்ஸ் என்னும் இளைஞருடன் அவருக்குச் சிநேகம் ஏற்பட்டது. ஐவர்க்ஸ் அதிகம் பேசாதவர். கை வேகத்தில் இணையற்றவர். டிஸ்னியோ பேச்சினால் எவரையும் வசப்படுத்தக்கூடியவர்; வரைவதில் நடுத்தரமானவர். தம் திறமையின் எல்லையை டிஸ்னி இளமையிலேயே அறிந்துகொண்டார். மற்றவர் திறமையை இனங் கண்டு ஒன்று திரட்டுவதே தமக்குரிய தொழில் என்று தெளிந்தது அவருடைய விசேஷ புத்திக்கு அடையாளமாகும்.

சித்திரங்களுக்குச் சலனம் கொடுக்கும் முறையை அவர் எந்தக் கலாசாலையிலும் கற்கவில்லை. நகரத்துப் பொதுப் புத்தகசாலையில் கிடைத்த ஒரு புத்தகத்தைப் படித்து அதன் அடிப்படைகளைத் தெரிந்துகொண்டார். 1922-இல் லாஃப்-ஓ-கிராம் என்ற பெயரால் ஒரு கம்பெனி தொடங்கினார். மறு வருஷமே அது திவாலாயிற்று. சுமார் 40 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு 1923-ஆம் வருஷக் கோடையில் ஹாலிவுட்டுக்கு ரயிலேறினார். ராய் அங்கிருந்தார். சகோதரர் இருவரும் கூடி ஒரு சிறு நிலையம் அமைத்தனர். ஐவர்க்ஸும் பின்னர் வந்து சேர்ந்தார். 1925-இல் டிஸ்னி மணந்த லில்லியன் அம்மையார், அந்நிலையத்தில் சித்திரங்களுக்கு மை எழுதும் வேலையில் இருந்தவரே.

ஓர் ஒப்பந்தம் கற்பித்த பாடம்

1927-இல் டிஸ்னியின் நிலையம் ஆஸ்வால்ட் என்னும் முயலைக் கதாநாயகனாகக் கொண்ட படங்களைத் தயாரித்தது. படங்களுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. 1928-ஆம் வருஷத் தொடக்கத்தில், படத்துக்கு அதிகத் தொகை கேட்கும் பொருட்டு டிஸ்னி நியூயார்க் நகரம் சென்று, விநியோகஸ்தரான சார்லஸ் மின்ட்ஸைக் கண்டார். மின்ட்ஸ் தொகையைக் கூட்ட மறுத்ததோடு, குறைக்கவும் முற்பட்டார். டிஸ்னியின் சித்திரக்காரர்களில் பெரும்பாலோரை அவர் இரகசியமாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்ட செய்தியும் அப்பொழுதுதான் வெளிப்பட்டது. ஒப்பந்தப்படி அம்முயலின் பாத்தியதை யூனிவர்ஸல் கம்பெனியைச் சேர்ந்தது. படைத்தவருக்கு அதில் ஓர் உரிமையும் இல்லை.

உழைப்பு நம்முடையது, உரிமை பிறருடையது என்னும் நிலைமை எத்தகையதென்பதை நம் தேசத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. டிஸ்னி அன்று கற்ற பாடத்தை இறக்கும்வரை மறக்கவில்லை. அதன்பின் தாம் செய்வித்த எந்தப் பாத்திரத்தின் உரிமையையும் அவர் கைநழுவ விடவில்லை. அந்த முயலின் உரிமை டிஸ்னி கம்பெனிக்குத் திரும்பியது 2006-ஆம் வருஷத்திலேயாகும். அதற்குள் டிஸ்னி மறைந்து 40 வருஷங்கள் கழிந்திருந்தன. ஆனால் மின்ட்ஸ் தமக்கு இழைத்ததைத் தம்மிடம் வேலை செய்வோர் தம்மைப் பற்றியே ஒருநாள் கூறுவர் என்பது அவர் மனத்தில் தோன்றவில்லை.

டிஸ்னியை விட்டு நீங்காத சிலரில் ஐவர்க்ஸ் முதன்மையானவர். விலகிச் செல்லவிருந்தவர்கள் பழைய ஒப்பந்தப் படங்களை முடித்துக்கொண்டிருக்கையில், அவர்கள் அறியாதபடி ஐவர்க்ஸ் தனியாக அமர்ந்து புதிய பாத்திரமாகிய மிக்கி எலியின் முதற்படத்தை வரைந்தார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 700 சித்திரங்கள் வரைந்தார் என்பர். அப்படத்தையும் அடுத்த படத்தையும் வாங்குவோர் இல்லை. மூன்றாவது படமாகிய ஸ்டீம்போட் வில்லிக்கு ஒலி சேர்க்க டிஸ்னி துணிந்தார். இசையும் சித்திரத்தின் அசைவும் ஒரு கணமும் பிசகாமல் இணைய வேண்டுமென்று பிடிவாதம் பிடித்து, செலவுக்குத் தம் மோட்டார் வண்டியையும் விற்றார். 1928 நவம்பர் 18-ந் தேதி நியூயார்க்கில் அது திரையிடப்பட்டதும் டிஸ்னியின் பெயர் எங்கும் பரவியது.

அப்படத்தின் தலைப்பில் டிஸ்னியின் பெயருடன் ஐவர்க்ஸின் பெயரும் இடம்பெற்றிருந்தது. ஆனால் புகழ் வளர வளர, ஜனங்கள் அறிந்த பெயர் ஒன்றாகவே நின்றது. மிக்கியை டிஸ்னியே தம் கையால் வரைகிறார் என்று உலகம் நம்பிற்று. உண்மையில், 1920-ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலேயே அவர் படங்களுக்கு வரைவதை நிறுத்திவிட்டார். மிக்கிக்குப் பல வருஷங்கள் குரல் கொடுத்தவர் மட்டும் அவரே. 1930-இல் ஐவர்க்ஸ் மனக்கசப்புடன் விலகினார். நிலையத்தில் தமக்கிருந்த ஐந்தில் ஒரு பங்கை 3,000 டாலருக்கும் குறைந்த தொகைக்கு விட்டுக் கொடுத்தார்.

படம் பிறந்த விதம்

ஐவர்க்ஸ் போனபின் டிஸ்னி சோர்ந்துவிடவில்லை. 1932-இல் மூன்று வர்ண டெக்னிகலர் முறையில் வெளியிட்ட படத்துக்கு அகாடமிப் பரிசு கிடைத்தது. அதே வருஷத்தில் டான் கிரஹாம் என்ற ஆசிரியரைக் கொண்டு தம் சித்திரக்காரர்களுக்கு வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். உயிருள்ள மனிதரையும் மிருகங்களையும் எதிரே நிறுத்தி, எலும்பும் தசையும் எவ்வாறு இயங்குகின்றன என்று கற்பித்தார்கள். தொழிற்சாலையையே கலாசாலையாக்கிய முதலாளிகள் மிகச் சிலரே. இப்பெருமையை டிஸ்னிக்குக் கொடுக்கத் தயங்கலாகாது.

1934-இல் ஒரு மாலை, தம் சித்திரக்காரர்களை ஒன்று கூட்டி, ஸ்நோ ஒயிட் கதை முழுவதையும் அரசியாகவும் பெண்ணாகவும் குள்ளர்களாகவும் தாமே நடித்துக் காட்டினார். அன்று அதைக் கண்டோர் பல வருஷங்களுக்குப் பின்னும் அந்நடிப்பை மறக்கவில்லை. அதன்பின் மூன்று வருஷ உழைப்பு நடந்தது.

அவ்வுழைப்பின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று. திரையில் ஒரு விநாடிக்கு 24 பிம்பங்கள் செல்கின்றன. படம் 83 நிமிஷம் ஓடுகிறது. ஆகவே ஏறக்குறைய 1,20,000 பிம்பங்கள் தேவை. முதலில் கதையைச் சிறு சித்திரங்களாக வரைந்து பலகையில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். பேச்சையும் பாட்டையும் முன்னதாகப் பதிவு செய்வார்கள். தேர்ந்த சித்திரக்காரர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார். இடைப்பட்ட நிலைகளை உதவியாளர்கள் நிரப்புவார்கள். அப்பென்ஸில் சித்திரங்களைப் படமெடுத்துப் பார்த்து, குற்றங் கண்ட இடத்தை மீண்டும் வரைவார்கள். தேறியவற்றைப் பெண்கள் ஸெல்லுலாய்ட் தகட்டின்மேல் மையினால் எழுதி, தகட்டின் பின்புறத்தில் வர்ணம் தீட்டுவார்கள். கோடு மயிரிழை தடித்தாலும் திரையில் நடுக்கம் தெரியும். பின்னர் அத்தகடுகளை, நீர் வர்ணத்தில் தீட்டிய பின்னணிச் சித்திரத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிப்பார்கள். தூரத்து மலையும் அண்மையிலுள்ள மரமும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதுபோல் தோன்றும்படி, கண்ணாடித் தட்டுக்களை அடுக்காக நிறுத்தி மேலிருந்து படமெடுக்கும் உயரமான யந்திரமொன்றையும் அமைத்தார்கள்.

சுமார் 15 லட்சம் டாலர் செலவில் முடிந்த படம் 1937 டிசம்பர் 21-ந் தேதி லாஸ் ஏஞ்ஜலஸில் வெளியாயிற்று. முழு நீளச் சித்திரப் படத்தை எவரும் பொறுமையுடன் பாரார் என்று கூறி வந்தவர்கள் வாய் மூடினர். மறு வருஷமே, அப்படத்தின் ஸெல்லுலாய்ட் தகடுகளை ஸான் பிரான்ஸிஸ்கோவைச் சேர்ந்த கூர்வாஸியே என்னும் சித்திர வியாபாரி மூலம் விற்கத் தொடங்கினார்கள். அதுவரை உபயோகமற்றதென்று கழுவி மீண்டும் பயன்படுத்தப்பட்ட தகடு, ஜனங்களின் ஆவலினால் கலைப்பொருளாயிற்று. தகட்டின்மேல் அந்தக் கோட்டை எழுதிய பெண்ணின் பெயர் அதில் இல்லை. ஸ்நோ ஒயிட்டுக்குக் குரல் கொடுத்த அட்ரியானா காஸெலாட்டியின் பெயர் திரையிலும் இல்லை.

பெண்கள் மை எழுதவும் வர்ணம் தீட்டவுமே எடுத்துக்கொள்ளப்படுவர் என்று நிலையம் 1938-இல் ஒரு பெண்ணின் விண்ணப்பத்துக்கு அனுப்பிய பதில் இன்றும் காணக் கிடைக்கிறது. கதை இலாகாவில் 1935-இல் சேர்ந்த பியாங்கா மஜோலி போன்ற ஓரிருவரே விலக்கு. அசைவுச் சித்திரம் வரைந்தவரென்று ஒரு பெண்ணின் பெயர் டிஸ்னி படத்தில் முதன்முதல் வந்தது 1942-இல் வெளியான பாம்பி படத்திலேயாகும். அவர் பெயர் ரெட்டா ஸ்காட்.

1941-ஆம் வருஷம்

ஸ்நோ ஒயிட் ஈட்டிய பொருளைக் கொண்டு பர்பாங்கில் விஸ்தாரமான புதிய நிலையம் எழுந்தது. வேலை செய்வோர் ஆயிரத்துக்கு மேற்பட்டனர். ஆனால் இரண்டாம் மகா யுத்தத்தினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. 1940-இல் வெளியான பினோக்கியோவும் ஃபான்டேஸியாவும் பெருநஷ்டம் தந்தன. கடன் ஏறிற்று. முந்திய படத்தின் இலாபத்தில் பங்கு வருமென்று எதிர்பார்த்திருந்தோர் ஏமாற்றமடைந்தனர். தேர்ந்த சித்திரக்காரர் சிலர் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் வாங்க, மை எழுதும் பெண்கள் பலருக்கு 20 டாலர்கூடக் கிட்டவில்லை. சம்பளத்துக்கு ஒரு விதிமுறையும் இல்லை. சிறு படங்களில் டிஸ்னியின் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை.

ஊழியர் பலர் சித்திரக்காரர் சங்கத்தில் சேர்ந்தனர். ஸ்நோ ஒயிட்டில் தீய அரசியின் பாத்திரத்தை வரைந்த ஆர்ட் பாபிட் அவர்களுள் முக்கியமானவர். அவருடைய சம்பளம் மிக உயர்ந்தது. அவருக்குத் தம் பொருட்டு ஒரு குறையும் இல்லை. குறைந்த சம்பளக்காரர் பக்கம் அவர் நின்றதை டிஸ்னி துரோகமாகக் கருதினார். மே மாத இறுதியில் பாபிட் வேலையினின்று நீக்கப்பட்டார். உடனே பல நூறு பேர் வேலை நிறுத்தம் செய்து வாசலில் நின்றனர்.

இவ்விடத்தில் நாம் கூற விரும்பும் செய்தி வேறெங்கும் காண்பதற்கரியது. வாசலில் மறியல் நடந்துகொண்டிருந்த அதே ஜூன் மாதத்தில், ரிலக்டன்ட் டிராகன் என்னும் டிஸ்னி படம் வெளியாயிற்று. சித்திரப் படம் செய்யும் முறையை ஜனங்களுக்குக் காட்டுவதே அப்படத்தின் விஷயம். ராபர்ட் பெஞ்ச்லி என்னும் ஹாஸ்ய எழுத்தாளர் நிலையத்தைச் சுற்றிப் பார்க்கிறார். வர்ணம் கலக்கும் அறை, ஒலி உண்டாக்கும் அறை, படம் பிடிக்கும் யந்திரம் யாவும் காட்டப்படுகின்றன. எங்கும் சிரித்த முகங்கள். மெய்யான சித்திரக்காரர் சிலர் அதில் தோன்றினர் என்பது உண்மையே. ஆயினும், ஊழியராகத் தோன்றிய வேறு சிலர் கூலிக்கு அமர்த்தப்பட்ட நடிகர்களாவர். ஆலன் லாட் என்னும் நடிகர் கதை இலாகா ஊழியராக வேஷமிட்டார். மெய்யான ஊழியர் தெருவில் நிற்க, நடிகர் அவர்களுடைய நாற்காலியில் அமர்ந்து தொழில் விளக்கம் செய்தார். படம் நடந்த கொட்டகைகளின் வாசலிலும் மறியல் நடந்தது.

எப்படிச் செய்கிறார்கள் என்று அறிய விரும்பிய ஜனங்களின் ஆவலை டிஸ்னி நன்கு உணர்ந்திருந்தார். அதற்கு விருந்தும் வைத்தார். யார் செய்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தபோது அவர் முகம் திரும்பிற்று. அவருடைய சரித்திரத்தில் உள்ள பெருங்குறை இதுவே என்று நாம் கருதுகிறோம்.

ஆகஸ்டு மாதம் டிஸ்னி சர்க்காரின் நல்லெண்ணத் தூதராகத் தென் அமெரிக்கா சென்றார். அவர் அங்கிருக்கையில் அவருடைய தந்தையார் காலமானார். மத்தியஸ்தர்களின் தீர்ப்பு சங்கத்துக்கே சாதகமாயிற்று. சம்பளம் உயர்ந்தது, சங்கம் அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் ஆட்குறைப்பும் தொடர்ந்தது. பாபிட் சட்டத்தின் துணையால் யுத்தத்துக்குப்பின் மீண்டும் வேலை பெற்று, 1947-இல் விலகினார். விலகியவர்களிற் சிலர் யு.பி.ஏ. என்ற புதிய நிலையத்தை அமைத்து, டிஸ்னியின் பாணியினின்று முற்றும் வேறான சித்திரங்களை உலகுக்கு அளித்தனர். 1947 அக்டோபர் 24-ந் தேதி டிஸ்னி அமெரிக்கப் பிரதிநிதி சபையின் விசாரணைக் கமிட்டி முன் சாட்சியம் கூறி, வேலை நிறுத்தத்தைக் கம்யூனிஸ்டுகளின் சூழ்ச்சியென்று வர்ணித்து, பழைய ஊழியர் உள்ளிட்ட சிலரைப் பெயர் சொல்லிக் காட்டினார். டெப்ஸைப் போற்றிய தந்தையின் மகன், கூலியின்றிப் பத்திரிகை சுமந்த அந்தப் பையன், இந்நிலைக்கு வந்தது வருந்தத்தக்கது. திரையில் எழுதத் தயங்கிய பெயர்களை விசாரணை மன்றத்தில் கூற அவர் தயங்கவில்லை.

இக்கொந்தளிப்பில் அகப்பட்டவர்களுள் டைரஸ் வாங் என்னும் சீனரைக் குறிப்பிடாதிருக்க இயலாது. 1910-இல் சீனாவின் குவாங்டுங் மாகாணத்தில் பிறந்தவர். சீனர் குடியேறுவதை அமெரிக்கச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், சிறு பையனாகத் தந்தையுடன் வந்து, ஏஞ்ஜல் தீவில் தந்தையைப் பிரிந்து தனியே காவலில் வைக்கப்பட்டவர். 1938-இல் டிஸ்னி நிலையத்தில் இடைநிலைச் சித்திரம் வரையும் சாதாரண வேலையில் சேர்ந்தார். பாம்பி படத்துக்காக அவர் தாமாகவே வரைந்து கொடுத்த வனக் காட்சிகள், பனிமூட்டத்தில் சில தூரிகை வீச்சுக்களாலேயே காட்டை உணர்த்தும் சீன மரபைச் சார்ந்தவை. டிஸ்னி அவற்றை விரும்பி, படம் முழுவதற்கும் அதுவே முறையாக இருக்கச் செய்தார். ஆயினும் 1941-இல் வேலை நிறுத்தத்தின் பின் வாங் வேலையிழந்தார். படம் வந்தபோது, பின்னணி வரைந்த பலருள் ஒருவராக மாத்திரமே அவர் பெயர் காணப்பட்டது.

பிற்காலமும் மறைவும்

1950-இல் ஸின்டரெல்லா வெற்றி பெற்றது. 1954-இல் டெலிவிஷனில் வாராந்தர நிகழ்ச்சியொன்றைத் தொடங்கிய டிஸ்னி, வீட்டுக்கு வீடு அறிந்த மனிதரானார். 1955-இல் டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. சித்திரப் படம் செய்யும் முறையை அந்நிகழ்ச்சிகளில் அவர் பலமுறை விளக்கினார். கண்ணாடித் தட்டு யந்திரத்தை அவர் விளக்கக் கண்ட சிறுவர் பலர் அதனாலேயே இத்தொழிலுக்கு வந்தனர். மிக்கியை அவரே வரைகிறாரா என்று ஒரு சிறுவன் கேட்க, தாம் வரைவதில்லையென்றும், தேனீயைப்போல் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்று மகரந்தம் சேர்ப்பதே தம் வேலையென்றும் அவர் விளக்கியதாகக் கூறுவர். அடக்கமும் உண்மையும் கலந்த அந்த விளக்கத்தை அவர் முன்னரே தெருவில் நின்றவர்களிடம் கூறியிருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுகிறது.

ஐவர்க்ஸின் தனி நிலையம் நிலைக்கவில்லை. 1940-இல் அவர் டிஸ்னியிடமே திரும்பி, யந்திர நுட்பங்களில் ஈடுபட்டார். பென்ஸில் சித்திரத்தை நேரே ஸெல்லுலாய்டில் பதிக்கும் ஜெராக்ஸ் முறையை அவர் அமைத்துக் கொடுக்க, 1961-இல் வெளிவந்த நூற்றொரு டால்மேஷியன் நாய்களின் படம் அம்முறையில் உருவாயிற்று. மை எழுதி வந்த பெண்களின் கைத்தொழில் அத்துடன் பெரும்பாலும் மறைந்தது.

டிஸ்னி 1966 டிசம்பர் 15-ந் தேதி, தமது 65-வது வயதில், நுரையீரல் புற்றுநோயினால் காலமானார். போட்டியில் வென்ற அகாடமிப் பரிசுகள் மாத்திரம் 22. அவ்வளவு பெற்றவர் இதுவரை வேறு எவருமில்லை.

நமது தீர்ப்பு

டிஸ்னி வெறும் முதலாளி, பிறர் உழைப்பில் புகழ் தேடியவர் என்று கூறுவோர் உளர். அது நேர்மையான தீர்ப்பாகாது. ஐவர்க்ஸ் தனித்து நின்றபோது அவர் கை வேகம் குறையவில்லை. ஆனால் அவர் படங்கள் நிலைபெறவில்லை. ஆயிரம் பேரை ஒரே நோக்கத்தில் செலுத்தி, நன்றாயிருப்பதைத் தள்ளி மேலும் நன்றாகச் செய்யத் தூண்டும் ஆற்றல் டிஸ்னியிடம் இருந்தது. அந்த ஆற்றலும் ஓர் உழைப்பே. அதற்குரிய புகழை எவரும் பறிக்க வேண்டியதில்லை. அவருக்கு உரியதற்கு மேற்பட்டதே மற்றவர்களைச் சேர வேண்டியது.

அதை அவர்களிடம் சேர்ப்பித்தவர்கள் அபிமானிகளே. ஒவ்வொரு காட்சியையும் வரைந்தவர் யார், அதன் நீளம் எவ்வளவு என்று நிலையத்தார் தம் காரியத்துக்காகப் பதிவேடுகள் வைத்திருந்தனர். ஆராய்ச்சியாளரும் அபிமானிகளும் அவற்றைத் தேடியெடுத்து, படத்துடன் ஒப்பிட்டு, இக்குள்ளனை வரைந்தவர் இன்னார், இந்த அரசியை வரைந்தவர் இன்னார் என்று வரிசையாக வெளியிட்டனர். முதியவர்களான மை எழுதும் பெண்களைத் தேடிச் சென்று அவர்கள் அனுபவங்களைக் கேட்டு எழுதினர். 1981-இல் பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் பழைய சித்திரக்காரர் இருவர் தம் தொழிலின் முறைகளை விரிவான நூலாக எழுதினர். டிஸ்னி கம்பெனியும் 1989-இல் ஐவர்க்ஸையும், 2001-இல் டைரஸ் வாங்கையும் தன் பெருமைக்குரியோர் வரிசையில் சேர்த்தது. வாங் 2016-இல் தமது 106-வது வயதில் காலமாகுமுன் தம் பெயர் உலகறிந்ததைக் கண்டார். பாபிட் 1992-இலேயே மறைந்துவிட்டார். டிஸ்னியினால் வெறுக்கப்பட்ட அவருக்கும் 2007-இல் அதே கௌரவம் அளிக்கப்பட்டது. எப்படி என்று கேட்கத் தொடங்கிய ஆவல், யார் என்று கேட்டு, விடையும் பெற்றுவிட்டது.

நம் நாட்டுக்கும் இத்தொழிலில் ஒரு தொடர்புண்டு. டிஸ்னி நிலையத்தில் வேலை செய்து தேர்ந்த கிளேர் வீக்ஸ் என்பார் 1956-இல் பம்பாய் வந்து, சர்க்கார் படப் பிரிவில் நம் இளைஞர்களுக்கு இக்கலையைக் கற்பித்தார். ஜாதகக் கதையொன்றைச் சித்திரப் படமாக்கினர். அங்கே பயின்ற ராம் மோகன் பின்னாளில் ஜப்பானியருடன் கூடி ராமாயணத்தைச் சித்திரப் படமாக்கியவர்களுள் ஒருவர். இத்தொழில் கடல் கடந்து வந்தது ஒரு கம்பெனியின் முத்திரையால் அன்று. கற்றறிந்த ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு அது வந்து சேர்ந்தது.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டிருக்கும் நமது நேயர்கள் இதிலிருந்து கொள்ளத்தக்க பாடம் எளியது. தலைவர் பெயரால் இயக்கம் வழங்குவது இயல்பு. ஜனங்களுக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. ஆனால் கொடி தைத்தவர், துண்டுப் பிரசுரம் அச்சடித்தவர், சிறை சென்றவர் வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் எழுதி வைக்கப்படாவிட்டால், பின்வரும் சந்ததியார் எவ்வளவு ஆவலுடன் தேடினாலும் அவை கிட்டமாட்டா. டிஸ்னி நிலையத்தில் ஒரு பதிவேடேனும் இருந்தது; அதனால் அங்கே நீதி பிந்தியாவது வந்தது. நம் சங்கங்களிலும் கட்சிக் காரியாலயங்களிலும் அத்தகைய பதிவேடு இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வது நலம். இல்லையெனில், வேலை செய்தவர்கள் உயிருடன் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட வேண்டும்.